சூடத்தை உள்ளங்கையால் அணைத்த மாப்பிள்ளை

என் தம்பி குணாளன் தன் கல்யாணத்தன்று, பெண் வீட்டார் எடுத்த ஆரத்தியை நடுத்தெருவில் வைத்து அணைத்தான். ஊதி அணைக்கவில்லை. வெற்றிலையின் மேல் எரிந்துகொண்டிருந்த சூடத்தின் மீது உள்ளங்கையை வைத்து அழுத்தினான். தட்டு சாய்ந்து, சிவப்புத் தண்ணீர் முழுவதும் பெண்ணின் அண்ணி காமினியின் பட்டுப்புடவையில் கொட்டியது. நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். உருமி இன்னும் கொஞ்சம் முழங்கி, பிறகு அதுவும் நின்றது.

நான் மாப்பிள்ளைக் காரின் பின் இருக்கையில், அவன் எழுந்து ஓடிய இடத்துக்குப் பக்கத்தில், வெற்றிலையும் சந்தனமும் வைத்த தாம்பாளத்தை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் ஒருவர் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கி நான் பார்த்ததில்லை. கல்யாண நாளில் என் தம்பிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று அங்கே நின்றவர்கள் நினைத்ததையே நீங்களும் நினைப்பீர்கள்.

குணாளனுக்கு நாற்பத்தொரு வயது. மாக் மண்டினில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நான் பிறையில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில், செய்து முடித்த பொருளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். படிப்பில் நாங்கள் இருவரும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. அப்பா சீக்கிரமே போய்விட்டார். பிறகு அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்க ஜார்ஜ்டவுனுக்குப் போக வேண்டி வந்தது. பகலில் அம்மாவைக் கூட்டிப்போவதற்காக அவன் இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டான். ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது. பெண் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், "எங்க அம்மாவைப் பாத்துக்கிட்டு இருக்கேன்லா, போதும்" என்பான்.

அந்தக் காரை அவன் வாங்கியதும் அம்மாவுக்காகத்தான். பழைய டாட்சன் நூற்றிருபது ஒய். பச்சை நிறம். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. பின் இருக்கையில் கோழி முட்டையிட்டு வைத்திருந்ததாம். முட்டைகளைப் பத்திரமாக எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் விலை பேசினான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆன காரை ஏன் வாங்குகிறாய் என்று கேட்டேன். இருக்கையின் உயரம் அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது, முட்டி மடக்காமல் உட்காரலாம் என்றான். புதுக்கார்களையெல்லாம் போய் அளந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறான்!

கார் வேலை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வருடம் அவன் கழற்றியதை வேறொருவர் வந்துதான் மாட்டிக்கொடுப்பார். அதற்கப்புறம் பழகிவிட்டான். ஒரு வழக்கம் வைத்திருந்தான். எங்கே நிறுத்தினாலும், மறுபடி கிளப்புவதற்கு முன் இஞ்சினை மூடியிருக்கும் போனட்டைத் திறந்து, குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பான். பழைய வண்டியில் எண்ணெய் கசிந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரியும் என்பான். சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் அதைத்தான் செய்வான். அங்கே முகப்பில் உட்கார்ந்து பெயர் பதிகிற பெண் மோகனா, கண்ணாடி வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க தம்பி தினமும் காருக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் கிளம்புவாரா?"

அவனிடம் சொன்னேன். காது வரைக்கும் சிவந்துபோனான். அப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது.

நிச்சயம் முடிந்து, தேதியும் குறித்தபின் அம்மா இறந்துவிட்டார். வருடம் திரும்பும் வரை நல்ல காரியம் கூடாது என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்தோம். மோகனாவின் அப்பா அய்யாக்கண்ணு அதற்கு ஒத்துக்கொண்டார். முகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பிறையில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். லாரியை எடுக்கும்போது யாராவது தும்மிவிட்டால் இறங்கி ஒரு கோப்பி குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவாராம். எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்:

"ஒரு தடவை தள்ளி வைக்கிறது வழக்கம். ரெண்டாவது தடவை தள்ளினா அது கல்யாணம் இல்லம்மா, ஊர்ப்பேச்சு. அப்புறம் நான் வேற எடம் பாத்துக்குவேன். முன்கூட்டியே சொல்லிட்டேன்."

அந்தச் சொல் ஒரு வருடமாக என் நெஞ்சில் கிடந்தது. அதனால்தான் அன்று சூடம் அணைந்த அந்த நொடியில், என் தம்பி தன் கல்யாணத்தையே அணைத்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

மண்டபம் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. தெருவின் இந்த முனையில் பிள்ளையார் கோயில், அந்த முனையில் மண்டபம். மாப்பிள்ளையை அழைத்துப்போக மோகனா கேட்டது அந்தப் பச்சைக் காரைத்தான். மாப்பிள்ளையே தன் காரை ஓட்டிக்கொண்டு வருவது அழகில்லை என்பதால் எங்கள் சித்தப்பா மகன் குகன் ஓட்டினான். குகன் தானாகக் கியர் மாறும் கார்களிலேயே பழகியவன். மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தோம். அவனுடைய நண்பர்கள் காலையிலேயே வந்து, காரின் மூக்கு முழுவதையும் மல்லிகையாலும் ரோஜாவாலும் மூடிவிட்டார்கள். பூச்சரங்களைப் போனட்டின் விளிம்புக்குள்ளும் செருகியிருந்தார்கள்.

"டேய், முன்னாடி காத்து போகணும்டா" என்றான் குணாளன்.

"கல்யாணக் காருக்குக் காத்து எதுக்குண்ணே? பூ போதும்லா!"

சின்னப் பையன்கள் போல ஆசையாகச் செய்தவர்கள். அவன் விட்டுவிட்டான்.

மேளம் முன்னால் நடக்க, கார் அதன் பின்னால் ஊர்ந்தது. நல்ல வெயில். குணாளன் இரண்டு முறை மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, பெட்ரோல் வாசம் வருதா?"

"மல்லிகை வாசம்தான் வருது. சும்மா உக்காரு."

எனக்கு உண்மையிலேயே மல்லிகை மட்டும்தான் வந்தது. காருக்குள் பூ, கழுத்தில் பூ, மடியில் சந்தனம், முன்னால் சாம்பிராணி. எந்த மூக்குக்கு என்ன தெரியும்?

மண்டபத்தை நெருங்கும்போது வண்டி இருமத் தொடங்கியது. பின்னால் வந்தவர்கள் கறுப்புப் புகை என்று கத்தினார்கள். வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில் குகன் பெட்ரோல் மிதியை விட்டு விட்டு மிதித்தான்.

"மிதிக்காதடா! மிதிக்க மிதிக்க இன்னும் பெட்ரோலை ஊத்தும்!"

"மிதிக்காட்டி நின்னுடும்ணே!"

"நிக்கட்டும்டா!"

நின்றுவிட்டது. சரியாக மண்டப வாசலில் நின்றது. வெளியே இருந்தவர்களுக்கு அது நிறுத்திய மாதிரிதான் தெரிந்திருக்கும். பெண் வீட்டுப் பெண்கள் சிரித்த முகத்தோடு முன்னால் வந்தார்கள். காமினி தட்டை ஏந்தியிருந்தாள். சூடம் எரிந்துகொண்டிருந்தது.

குணாளன் சன்னல் வழியாகத் தலையை நீட்டித் தரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தார் ரோட்டில் ஒரு ஈரக்கோடு. காரின் அடியிலிருந்து புறப்பட்டு, சரிவில் முன்னோக்கி, வானவில் நிறம் காட்டிக்கொண்டு போனது. அது போன இடத்தில் காமினியின் பாதம் இருந்தது.

அடுத்த நொடி கதவு திறந்திருந்தது. பக்கத்தில் அவன் இல்லை.

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். சூடத்தை அணைத்த கையாலேயே காமினியின் தோளைப் பிடித்து மண்டபப் படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். "எல்லாரும் பின்னாடி போங்க! யாரும் எதையும் கொளுத்தாதீங்க!" என்று கத்தினான். உருமி அடித்தவர் மேளம் நின்ற ஓய்வில் ஒரு சிகரெட்டை வாயில் வைத்து, லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். குணாளன் பாய்ந்து அதைப் பிடுங்கினான். அவர் பயந்துபோய்த் தோளில் தொங்கிய உருமியையே கேடயம் போலத் தூக்கிப் பிடித்தார். "பொம்பாவைக் கூப்பிடுங்க! தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்கலா!" என்று பின்னால் ஒரு குரல். எதிரே பணமாற்றுக் கடை வைத்திருக்கும் ஹனீபா, சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

குகனும் நண்பர்களும் காரைப் பின்னோக்கித் தள்ளி, மண்டபத்திலிருந்து தூரமாக, ஹனீபாவின் கடையை ஒட்டிய காலி இடத்தில் நிறுத்தினார்கள். ரோட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போதுதான் அய்யாக்கண்ணு வெளியே வந்தார். அவர் பார்த்ததெல்லாம் நனைந்த புடவையோடு அழுதுகொண்டிருந்த மருமகளையும், கவிழ்ந்த தட்டையும்தான்.

"என்ன மாப்பிள்ள இது? என் மருமக எடுத்த ஆரத்திய அணச்சீங்களா?"

"மாமா, பெட்ரோல் ஒழுகிச்சு."

"ஒழுகுனா வாயால சொல்றது. வாய் இல்ல?"

"சொல்ல நேரம் இல்ல மாமா."

"அணைக்க மட்டும் நேரம் இருந்துச்சோ!"

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா, "வாசல்ல வந்து வண்டி நின்னுச்சு, வெளக்கும் அணஞ்சிருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அய்யாக்கண்ணுவின் முகம் வெளுத்துப் போனது. கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம்.

நான் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனேன். "மாமா, குகன் கார் இருக்கு. கோயில்லேர்ந்து அதுல மறுபடி வரட்டும். புதுசா ஆரத்தி எடுங்க."

"பாதி வழியில வண்டிய மாத்துறதும் பாதி வழியில பொண்ணை மாத்துறதும் ஒண்ணும்மா" என்றார். பிறகு குணாளனைப் பார்த்துச் சொன்னார்: "முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதே வண்டி. கோயில்லேர்ந்து தானா ஓடி வந்து இந்த வாசல்ல நிக்கணும். தள்ளிக்கிட்டு வந்தா நான் பொண்ணை மணவறைக்கு அனுப்ப மாட்டேன். இன்னொரு தேதி பாத்துக்கலாம்."

இன்னொரு தேதி என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். குணாளனுக்கும் தெரியும். அவன் தலைப்பாகையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான்.

ஹனீபா தன் கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தம்பி, உள்ளாற இருக்கிறது பூரா நோட்டு. ரொம்ப நல்லா எரியும். பாத்துச் செய்ங்க" என்றார். சொல்லிவிட்டு, பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து குணாளனின் உள்ளங்கையில் வைத்தார். நடுக்கையில் காசளவுக்கு வெள்ளையாக வெந்திருந்தது. நான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினான். போனட்டுக்கு அடியில் எல்லாம் நனைந்திருந்தது. கார்புரேட்டரிலிருந்து வழிந்த பெட்ரோல் சூடான குழாய்களின் மேல் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் மேலேதான் நாங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து ஊர்வலம் வந்திருக்கிறோம்.

அந்தக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. உள்ளே பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். பாதியில் இருக்க வேண்டும். அன்று கண்ணாடி முழுக்க நிறைந்து, மட்டக்கோடே தெரியவில்லை.

"உள்ள ஒரு மிதவை இருக்குக்கா" என்று எனக்குச் சொன்னான். "நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியில இருக்குமே, அதே மாதிரிதான். பெட்ரோல் ஏறுனா மிதவை ஏறும். ஏறி ஒரு ஊசியத் தள்ளி வாசலை அடைச்சிடும். இப்ப அடைக்கல. வந்துக்கிட்டே இருக்கு. ஒண்ணு மிதவையில ஓட்டை, இல்லாட்டி ஊசிக்கு நடுவுல ஏதோ மாட்டிக்கிச்சு."

திருப்புளியின் பிடியால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தின் பக்கத்தில் மெதுவாகத் தட்டினான். சிலசமயம் ஊசி இப்படித் தட்டினாலே விடுபட்டுவிடுமாம். ஈரத்தையெல்லாம் துணியால் ஒற்றியெடுத்து, ஆவி போகும்வரை விசிறி, தீப்பொறி வராதபடி வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, பேட்டரியை மாட்டிக் குகனைச் சாவி போடச் சொன்னான். இஞ்சின் சும்மா சுற்றியது. கண்ணாடியில் பெட்ரோல் மறுபடி ஏறி வழிந்தது.

"போதும், போதும்! நிறுத்து!"

அப்போதுதான் என் கைத்தொலைபேசி அடித்தது. மோகனா. மணப்பெண் அறையிலிருந்து.

"அக்கா, அவருக்குக் கை வெந்துருச்சாமே? ஓடுற தண்ணியில வச்சாரா?"

மண்டபம் முழுக்க அபசகுனம் என்று பேசிக்கொண்டிருக்கிறது. இவள் கையைக் கேட்கிறாள்.

"ஐஸ் வச்சிருக்கும்மா. உங்கப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்காரு."

"தெரியும். அப்பா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு, நான் ஓடிடுவேன்னு. இவ்வளவு நகையப் போட்டுக்கிட்டு எங்க ஓடுறது? ஐஸ் வேணாம்னு சொல்லுங்க, தண்ணிதான் நல்லது."

குணாளனிடம் சொன்னேன். ஐஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நேரம் போகிறதே என்று எனக்குப் பதறியது. அவன் மோகனா சொன்னபடியே நின்றான்.

பிறகு கார்புரேட்டரின் மேல் மூடியைக் கழற்றினான். அவன் ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுக்க, நான் தாம்பாளத்தில் வெற்றிலைகளைப் பரப்பி, எது எந்த மூலையிலிருந்து வந்ததோ அதே மூலையில் வைத்தேன். மிதவையை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தான். உள்ளே சத்தமில்லை. ஓட்டை இல்லை. அடுத்தது ஊசி. விரல் நுனியளவுதான் இருக்கும். அதை வெயிலில் பிடித்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா?"

என் முன்னால் நீட்டினான். ஊசியின் முனையில் கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்து நசுக்கினான். மணந்தது.

சந்தனம்.

எங்களுக்கு அது எப்படி அங்கே போனது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது அவனுக்கு முகத்தில் இரத்தமே இல்லை. அவன் எந்தப் புதுப் பொருள் வாங்கினாலும், அது ஒரு பிளக்காக இருந்தாலும் சரி, முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுத்தான் காரில் மாட்டுவான். கல்யாணத்துக்காகப் பெட்ரோல் வருகிற ரப்பர் குழாயை முந்தின நாள் புதிதாக மாற்றியிருந்தான். வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வருகிற துண்டு. நல்ல நாளுக்கு மாட்டுகிறோமே என்று அன்றைக்குச் சந்தனத்தைத் தாராளமாகவே வைத்திருக்கிறான். குழாயின் வெட்டு முனையில் பட்டது காய்ந்து, மாட்டும்போது உள்ளே வழித்துக்கொண்டு போயிருக்கிறது. வடிகட்டிக்கு அப்புறம் போனதைத் தடுக்க வேறு ஒன்றும் இல்லை. பெட்ரோலில் ஊறிக் கழன்று, நேராக ஊசி வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது.

"நானே வச்சேன்க்கா" என்றான். "சாமி கும்பிட்டு, நானே வச்சேன்."

ஏழு வருடம் அந்தக் காரைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டவன். எத்தனை பேர் வண்டிகளுக்கு அவன் இதே மாதிரி பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறான்! ஹனீபா மெதுவாக அவன் முதுகில் தட்டினார்.

"தம்பி, ஆண்டவன் கோவிச்சுக்க மாட்டான். வெளிப்பக்கம் வச்சா போதும்னு சொல்லிருப்பான், உங்களுக்குக் கேட்டிருக்காது. வேலையப் பாருங்க."

அவன் வேலையைப் பார்த்தான். ஊசி உட்காரும் துளையை வாயால் ஊதினான். குழாயைக் கழற்றி, குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைத்தான். துணி மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தான். வெள்ளையாக வரும்வரை விடவில்லை. எல்லாவற்றையும் மாட்டினான். தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றினால், நான்கும் பெட்ரோலில் குளித்துக் கறுத்திருந்தன. அவற்றைத் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டு, பிளக் இல்லாமலே இஞ்சினைச் சுற்றவிட்டான். உள்ளே தேங்கியிருந்தது புகைபோல வெளியே பறந்தது. அதுவும் காற்றில் போகக் காத்திருந்தான். கண்ணாடியில் பார்த்தேன். பாதி. கோட்டில் நின்றது.

பிளக்குகளையும் பிடுங்கி வைத்த வயரையும் மாட்டிவிட்டு அவனே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். மிதியை அடிவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். இரண்டு முறை சும்மா சுற்றியது. மூன்றாவதில் செருமியது. கறுப்பாக ஒரு புகை விட்டு, பிடித்துக்கொண்டது. குகனும் நண்பர்களும் விசிலடித்தார்கள். உருமிக்காரர் தன் கோபத்தையும் மறந்து ஒரு அடி அடித்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் பிள்ளையாரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

குணாளன் இறங்கிவந்து போனட்டுக்குள் குனிந்து மோந்தான். விளிம்பில் செருகியிருந்த பூச்சரத்தை ஒரு கையால் பிடித்துப் பார்த்தான். பிறகு உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினான்.

"என்னடா பண்ற? கோயிலுக்குக் கொண்டு போகணும்டா!"

"நான் நடந்து வர்றேன்க்கா."

"உனக்குப் பைத்தியமா? அவர் என்ன சொன்னாருன்னு மறந்துட்டியா? வண்டிதான் ஓடுதே!"

"ஓடுது. ஆனா அவங்க இதுக்கு முன்னாடிதான் சூடம் ஏத்துவாங்க. பூ பூரா ஊறியிருக்கு. உள்ள தகரத்துக்கு அடியில எங்க எங்க தேங்கியிருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத வண்டிக்கு முன்னாடி நெருப்ப விடமாட்டேன்."

"கல்யாணம் நின்னுடும்டா."

"நிக்கட்டும்க்கா" என்றான். "ஆனா யாரும் எரியக் கூடாது."

என் தம்பியை எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த இடத்தில் நின்ற ஆள் எனக்குப் புதியவன். தலைப்பாகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அழுக்குக் கையோடு மண்டபத்தை நோக்கி நடந்தான். நான் பின்னால் ஓடினேன்.

வண்டிச் சத்தம் கேட்டு அய்யாக்கண்ணு படிக்கு வந்திருந்தார். ஓடி வந்த சத்தம் நின்று, மாப்பிள்ளை நடந்து வருவதைப் பார்த்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வண்டி எங்க?"

"ஓடுது மாமா. நான்தான் கொண்டு வரல. வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா நான் போயிடுறேன்."

அவர் படியிறங்கி வந்தார். குணாளன் போனட்டின் விளிம்பிலிருந்து பூச்சரத்தை உருவி அவர் கையில் வைத்தான். மல்லிகை மொட்டுகள் பழுப்பேறிக் கிடந்தன. அய்யாக்கண்ணு அதை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது. பிழிந்தார். விரல் இடுக்கில் பெட்ரோல் சொட்டியது.

அவர் காரின் மூக்கைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளையும் தட்டு பிடிப்பதுபோல் வைத்துப் பார்த்தார். தட்டு எந்த உயரத்தில் இருந்திருக்கும், பூ எந்த உயரத்தில் தொங்கியது என்று அளக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இரண்டும் ஒரே உயரம். அவருடைய கைகள் அப்படியே காற்றில் நின்றன.

"காமினி இங்கதான நின்னுச்சு?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"பின்னாடி பிள்ளைங்கள்லாம் நின்னுச்சுங்களே."

"ஆமா."

அவர் அந்தச் சரத்தைக் கீழே போடவும் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். ஹனீபாவின் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஹனீபா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். குடித்துவிட்டு குணாளனின் கையைப் பிடித்து விரித்து, வெந்த இடத்தைப் பார்த்தார். எழுந்து தெருவே கேட்கும்படி மண்டபத்தைப் பார்த்துக் கத்தினார்:

"காமினி! அழுதது போதும், வேற தட்டு கொண்டா! படிக்கு மேல நின்னு ஏத்து. இந்தப் பக்கம் ஒருத்தியும் வரக் கூடாது!"

அவரே மாப்பிள்ளையின் தலைப்பாகையைச் சரியாக வைத்துவிட்டார். நாதஸ்வரம் தொடங்கியது. நாங்கள் நடந்தோம். படிக்கு மேலே காமினி, வேறொரு புடவையில், தட்டோடு நின்றாள். சூடத்தைப் பற்றவைக்குமுன் குணாளனை முறைத்தாள்.

"இப்பவே சொல்லிடுங்கண்ணே, அணைக்கிற மாதிரி இருந்தா நான் இன்னொரு சேலை மாத்திக்கிட்டு வர்றேன். ஆனா இனிமே மாத்த சேலை இல்ல."

"ஏத்துங்க, ஏத்துங்க" என்றான். ஏற்றியபோது, அவன் தோள் ஒருமுறை விலுக்கென்று துள்ளியதை நான் மட்டும் பார்த்தேன்.

ஆரத்தி முடிந்தது. அப்போது ஒரு பெரியம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "ஏங்க, மாப்பிள்ள நடந்துல்ல வந்திருக்காரு. சக்கரமே இல்லியே! இதை எதுக்கடியில வைக்கிறது?"

எல்லாரும் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்கள். சடங்கில் ஒன்று குறைந்தால் விடமாட்டாரே. அவர் தாடையைச் சொறிந்தார். பழத்தை வாங்கிப் படிக்குக் கீழே குணாளனின் காலடியில் வைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு மிதிங்க மாப்பிள்ள. வலது கால்."

அவன் மிதித்தான். பழம் வழுக்கி ஓடியது. குகன் துரத்திப் பிடித்து மறுபடி வைத்தான். இந்த முறை அய்யாக்கண்ணு மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். குணாளன் முழு உடம்பையும் கொடுத்து மிதிக்க, சாறு பீய்ச்சி மாமனாரின் வெள்ளை வேட்டியில் அடித்தது. மாடிச் சன்னலில் வளையல் குலுங்க யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மோகனா, எல்லா நகையோடும், பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போ புள்ள!" என்று அவள் அப்பா அதட்டினார். "முகூர்த்தம் போகுது, மணவறைக்கு வா!"